முதுகில் வைத்த கை

கிறிஸ்துமஸ் குடிலுக்குப் பனி தயாராகிக்கொண்டிருந்தது. பாடகர் குழு ஒத்திகைக்குக் கூடும் ஓட்டுக் கட்டடத்தின் மூலையில் இளைஞர் மன்றத்தார் இலவம்பஞ்சைப் பிய்த்துச் சாக்குத் துணியில் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். ஒட்டியது பாதி, பறந்தது பாதி. பறந்ததெல்லாம் பாடுகிறவர்கள் வாயைத் தேடி வந்தது.

"டீச்சர், இந்த வருசம் பெத்லகேம்ல பனி கூடிப்போச்சு. தொண்டை அடைக்குது," என்று பஞ்சைத் துப்பினான் மரிய ஆனந்த். கனத்த குரலில் பாடும் நாலு ஆண்களில் சத்தம் அதிகம் அவனுக்குத்தான்.

"வாயை மூடியிருந்தா ஏன் உள்ள போகுது?" என்றாள் ஆர்மோனியப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்திருந்த ஜெரினா.

"அவரு வாயை மூடுனா ஊருக்கே மழை வந்துரும் டீச்சர். பனி நிக்காது," என்றான் மாயக்கண்ணன். ஐயனார் கோயில் பஜனைக்குத் தபேலா வாசிக்கிறவன் அவன். கிறிஸ்துமஸ் மாதம் மட்டும் மாதாவுக்கு வாசிப்பேன் என்று தானாகவே வந்துவிடுவான்.

எல்லோரும் சிரித்தார்கள். ஜெரினாவும் சிரித்தாள். சிரித்து முடித்ததும், எடுக்க வேண்டிய பாட்டு நினைவுக்கு வந்து, சுத்தமாக இருந்த கட்டைகளை முந்தானையால் துடைத்தாள்.

தொண்ணூற்று நாலாம் வருசம் அது. செக்காலைப் பக்கம் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சராக இருந்த ஜெரினா, பத்து வருசமாகப் பங்குக் கோயிலின் பாடகர் குழுவையும் நடத்தி வந்தாள். ஆனி மாதம் புதிதாக வந்த பங்குச்சாமி அருள் பிரகாஷ் ஒருநாள் அவளைக் கூப்பிட்டு, "டீச்சர், நம்ம கிறிஸ்துமஸ் பாட்டெல்லாம் வெள்ளைக்காரங்க மெட்டு. அதுல பெய்யற பனியை இங்க யாரும் கண்டதில்ல. நம்ம சனங்க வயல்ல பாடற மெட்டுல நாலு குரல் பாட்டு போட்டுப் பாருங்களேன்," என்றார்.

அவளுக்கு அது பிடித்துப்போயிற்று. கோவிலூர்ப் பக்கம் நடவுக்குப் போகும் சின்னக்கண்ணுவின் வீட்டுக்கு டேப் ரிக்கார்டரோடு போய் உட்கார்ந்து ஒரு நடவுப் பாட்டை வாங்கி வந்தாள். இடையர்கள் நடந்து வருவதற்கு அது பொருந்தியது. வலையபட்டியில் கும்மியடித்த பெண்களிடம் இன்னொரு பாட்டு. அதை வானதூதருக்குக் கொடுத்தாள். இரண்டையும் குழு பாடிப் பழகியதும் அந்தப் பெண்களையெல்லாம் வரவழைத்து, காப்பி கொடுத்து, பாடிக் காட்டினாள். "எங்க பாட்டா இது? பட்டுச்சேலை கட்டி விட்டாப்புல இருக்கு!" என்று சின்னக்கண்ணு கன்னத்தில் கை வைத்தாள்.

மூன்றாவது பாட்டு அப்படிக் கேட்டு வாங்கியது அல்ல.

குழந்தை இயேசுவின் சுரூபத்தைக் குடிலில் கிடத்தும்போது பாடவேண்டிய தாலாட்டு அது. "மாட்டுக் கொட்டில் குளிருதய்யா, மார்கழிப் பனி எறங்குதய்யா" என்று ஒற்றைக் குரலில் தொடங்கி, ஆல்ட்டோ என்கிற தாழ்ந்த குரலில் பாடும் பெண்கள் வாய் திறக்காமல் முனக, ஆண்கள் அடியில் ஒரே ஸ்வரத்தைப் பிடித்து நிற்க, மெதுவாக மேலே ஏறும். முதல்முறை பாடி முடித்தபோது பஞ்சு ஒட்டியவர்கள் கையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"இதை எங்குட்டுப் புடிச்சீக டீச்சர்?" என்றான் மாயக்கண்ணன், தபேலாவின் மேல் கை வைத்தபடியே.

"எங்கேயோ கேட்டது," என்றாள் ஜெரினா.

ஐப்பசி மழையில் பவுலின் வீட்டுச் சாவில் கேட்டது என்று அவள் சொல்லவில்லை.

பவுலின் பால்வாடி டீச்சர். ஆல்ட்டோவில் முதல் இடம் அவளுக்கு. தாய் பிரசவத்தில் போனபின், கையில் கிடந்த தங்கச்சி அனிதாவைத் தானே தொட்டில் கட்டி வளர்த்தவள். கல்யாணமும் பண்ணிக்கொள்ளவில்லை. அந்த அனிதாவைத்தான் இருபத்திரண்டு வயதில் மஞ்சக்காமாலை கொண்டுபோயிற்று.

சாவு வீட்டில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து ஒருத்தி கழுத்தை ஒருத்தி கட்டிக்கொண்டு அழுதார்கள். பவுலினின் கை ஜெரினாவின் கழுத்தைச் சுற்றியிருந்தது. ஜெரினாவின் கை பவுலினின் முதுகில் இருந்தது. அழத்தான் வந்திருந்தாள், கண்ணிலும் கொஞ்சம் தண்ணீர் இருந்தது. அப்போது பவுலின் ஒப்பாரி எடுத்தாள்.

தொட்டிலுக்கு மரம் எடுத்தேன், என் தங்கம்,
தோளு வலிக்க ஆட்டி வந்தேன்.
கட்டிலுக்குப் பூ எடுத்தேன், என் தங்கம்,
கண்ணு தொறக்கக் காணலையே.

மற்றவர்களின் அழுகைக்குள்ளே அந்தக் குரல் ஒரு நூல் மாதிரி போயிற்று. ஜெரினாவுக்கு அழுகை நின்றது. இந்த மெட்டு எவ்வளவு அழகாக இறங்குகிறது என்று நினைத்தாள். எந்த ஸ்வரத்தில் தொடங்கி எதில் வந்து நிற்கிறது என்று தேடினாள். அவள் விரல்கள் பவுலினின் முதுகிலேயே, ஆர்மோனியக் கட்டைகளில் ஓடுவதுபோல ஓடின. கொஞ்ச நேரம் கழித்துத்தான் என்ன செய்கிறோம் என்பது அவளுக்கே தெரிந்தது. தெரிந்த பிறகும் கையை எடுக்கவில்லை. எடுத்தால் மெட்டு விட்டுப்போகும் என்று பயந்தாள்.

சவப்பெட்டியைக் கல்லறைக்குத் தூக்கியபோது எல்லோரும் கதறினார்கள். ஜெரினா உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள். பார்த்தவர்கள், பாவம், துக்கத்தை அடக்குகிறாள் என்று நினைத்திருப்பார்கள். அவள் அடக்கியது மெட்டை. வீடு திரும்பியதும், ஈரச் சேலையைக்கூட மாற்றாமல், அதை மூன்று அட்சரத் தாளக் கணக்கில் போட்டு எழுதி வைத்தாள்.

துக்க வீட்டில் ஒரு வருசத்துக்கு நல்லநாள் கிடையாது. வாசலில் நட்சத்திரம் கட்ட மாட்டார்கள், அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏற்ற மாட்டார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் பாடகர் குழு வீடு வீடாகப் பாடிக்கொண்டு போகும்போது அந்த வாசலில் பாட்டை நிறுத்தி, சத்தமில்லாமல் கடந்து போவதுதான் வழக்கம்.

அப்படித்தான் போனார்கள். தெரு முழுக்கக் காகித நட்சத்திரங்கள் சிவப்பும் பச்சையுமாக எரிய, பவுலின் வீடு மட்டும் பல் விழுந்த இடம் மாதிரி இருட்டாக இருந்தது. மாயக்கண்ணன் தபேலாவை மார்போடு அணைத்துக்கொண்டான். மரிய ஆனந்த்கூட வாய் திறக்கவில்லை. இருட்டுக்குள்ளிருந்து, "பனி கொட்டுது, தலையில துணி போட்டுக்கங்க எல்லாரும்," என்று பவுலினின் குரல் மட்டும் வந்தது. ஜெரினா முந்தானையை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள். பனியைவிட முகத்தை மறைக்கத்தான் அது உதவியது.

மறுநாள் சாயங்காலம் அதிரசமும் முறுக்கும் ஒரு தூக்குவாளியில் போட்டு எடுத்துக்கொண்டு பவுலின் வீட்டுக்குப் போனாள். எண்ணெய்ச் சட்டி ஏறாத வீட்டுக்கு அக்கம்பக்கத்தார்தான் பலகாரம் கொடுப்பது. போகிறபோக்கில் பாட்டைப் பற்றியும் எப்படியாவது பேச்செடுத்துவிடலாம் என்று நினைத்திருந்தாள்.

"வாங்க டீச்சர். இங்குட்டு உக்காருங்க, அங்குட்டு ஒழுகுன ஈரம் இன்னும் காயல," என்று பாயை விரித்தாள் பவுலின். ஆள் பாதியாகியிருந்தாள். முறுக்கை ஒடித்து வாயில் போட்டுக்கொண்டு, "உப்பு கம்மி. உங்களுக்குப் பாட்டுலதான் கணக்கு, மாவுல இல்ல," என்றாள். பழைய பவுலின் ஒரு நொடி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஜெரினா சிரிக்க முயன்றாள். "அக்கா, ஒரு விசயம்..."

"நான் முந்திச் சொல்லிர்றேன். ரொம்ப நாளாச் சொல்லணும்னு இருந்தது." பவுலின் கையைத் துடைத்துக்கொண்டாள். "அன்னைக்கு எத்தனையோ பேரு வந்தாக. கட்டிப்புடிச்சு அழுதாக. அழுது முடிச்சதும் கையை எடுத்துக்கிட்டாக. அது தப்பில்ல, அவுகவுகளுக்கு வீடு வாசல் இருக்கு. நீங்க ஒருத்திதான் எம் முதுகுல இருந்து கையை எடுக்கல. தட்டிக்கொடுத்துக்கிட்டே இருந்தீக. நான் என்ன பாடுனேன், என்ன கத்துனேன், ஒண்ணும் நெனப்பில்ல. அந்தக் கை மட்டும் நெனப்பிருக்கு. ராத்திரி தூக்கம் வரலைன்னா அதை நெனச்சுக்குவேன். யாரோ தட்டுறாப்புல இருக்கும். தூங்கிருவேன்."

ஜெரினா தூக்குவாளியை இன்னும் கொஞ்சம் அவள் பக்கம் நகர்த்தினாள்.

"நீங்க என்னமோ சொல்ல வந்தீகளே?"

"இல்லக்கா. ஆல்ட்டோவுக்கு ஆளில்லாமத் திண்டாடுறோம்னு சொல்ல வந்தேன்."

"பாட வர மாட்டேன். நடுச்சாமப் பூசைக்குக் கேக்க வாரேன். நீங்க புதுசாப் போட்ட தாலாட்டு நல்லா இருக்குதாமே, மரிய ஆனந்த் தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியிறான்."

தூக்குவாளியை மறந்துவிட்டு வெளியே வந்தாள் ஜெரினா. சொல்லாமல் விட்டால் அக்கா கோயிலில் உட்கார்ந்து, தங்கச்சிக்குத் தான் பாடிய ஒப்பாரியை அழகு பண்ணிப் பாடுவதைக் கேட்பாள். சொன்னால், தூங்க வைக்கிற அந்தக் கையும் அவளுக்கு இல்லாமல் போய்விடும். பாட்டை மட்டும் நிறுத்திவிடலாம் என்றும் தோன்றியது. ஆனால் நன்றியை வாங்கிக்கொண்டு வந்தாயிற்றே, அதை எங்கே கொண்டுபோய் வைப்பது?

கிறிஸ்துமஸுக்கு முந்தின பாவசங்கீர்த்தனத்தில், தட்டிக்கு அந்தப் பக்கம் பாவம் கேட்க உட்கார்ந்திருந்த பங்குச்சாமியிடம் எல்லாவற்றையும் சொன்னாள்.

அவர் தட்டிக்கு இன்னும் கொஞ்சம் அருகில் சாய்ந்தார். பிறகு, "அழுகை வராதது பாவமில்லம்மா. அது எல்லாருக்கும் நடக்கறதுதான். சாவுப் பூசை வைக்கும்போது எனக்கும் சில நேரம் பசி ஞாபகம்தான் வரும்," என்றார். "ஆனா செய்யாத நல்லதுக்கு அவங்க நன்றி சொன்னாங்க, நீங்க வாங்கிக்கிட்டீங்க. அது உங்களுக்குக் கனக்குது. இல்லையா?"

"ஆமா சாமி. சொன்னா அவுகளுக்கு வலிக்குமே. அதுக்காகவாச்சும் சும்மா இருந்துறலாமா?"

"அவங்களுக்கு வலிக்கும்னு பயப்படுறீங்களா, உங்களை வேற மாதிரி பார்ப்பாங்கன்னு பயப்படுறீங்களா?"

அவள் தட்டியின் ஓட்டைகளை எண்ணத் தொடங்கினாள்.

"அதை நீங்கதான் பார்த்துக்கணும். பரிகாரமா ஒண்ணு சொல்றேன். செபம் வேண்டாம். அந்தத் தாலாட்டு நல்லா வந்திருக்குன்னு இனி யாராவது சொன்னா, சந்தோசப்படாம இருந்து பாருங்க."

அவ்வளவு லேசாகத் தெரிந்த பரிகாரம் அன்று சாயங்கால ஒத்திகையிலேயே முடியாமல் போயிற்று. பாடி முடித்ததும் மாயக்கண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "டீச்சர், எங்க ஐயனாருக்கும் இப்படி ஒண்ணு போட்டுத் தாங்க," என்றான். அவள் நெஞ்சு குளிர்ந்துவிட்டது. குளிர்ந்ததும் தன்மேலேயே அருவருப்பு வந்தது.

இருபத்துநாலாம் தேதி மத்தியானம் மறுபடியும் போனாள். பவுலின் அனிதாவின் சேலைகளை மடித்து ஒரு பையில் வைத்துக்கொண்டிருந்தாள்.

"தூக்குவாளிக்கு வந்தீகளா? கழுவி வச்சிருக்கேன்."

"இல்லக்கா." ஜெரினா நின்றபடியே சொன்னாள். உட்கார்ந்தால் சொல்ல வராது என்று தெரியும். "நான் அன்னைக்குத் தட்டிக்கொடுக்கல. நீங்க பாடுன மெட்டு நல்லா இருந்தது. அதைப் புடிச்சு வைக்க உங்க முதுகுல விரலை ஓட்டிக்கிட்டிருந்தேன். எனக்கு அழுகைகூட வரலை. அந்த மெட்டுதான் இப்பத் தாலாட்டு."

பவுலினின் கையில் ஒரு ஊதா நிறச் சேலை பாதி மடிப்பில் நின்றது.

"அப்ப எம் முதுகுல பொட்டி வாசிச்சீக."

"ஆமாக்கா."

வெளியே யாரோ வெடி போட்டார்கள். தெரு நாய் ஒன்று ஓடி வந்து வாசல்படியில் ஒண்டிக்கொண்டது. பவுலின் அந்தச் சேலையை மடித்து முடித்தாள். முடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தாள்.

"எனக்கு அந்தப் பாட்டு மறந்துபோச்சு டீச்சர்," என்றாள். குரலில் கோபம் இல்லை. அதுதான் பயமாக இருந்தது. "அவளுக்கு என்ன சொல்லி அனுப்புனேன்னு எத்தனையோ நாளு யோசிச்சுப் பாத்தேன். வார்த்தை ஒண்ணு ரெண்டு வருது. எப்படி இழுத்தேன், எப்படி எறக்குனேன், வரவே இல்ல. உங்ககிட்ட இருக்குல்ல? பாடுங்க."

ஜெரினா பாடினாள். நிதானமாக, ஒப்பாரியின் வார்த்தைகளை வைத்தே பாடினாள். தொட்டிலுக்கு மரம் எடுத்தேன், என் தங்கம்.

பவுலின் தலையை அசைத்தாள். "அது இல்ல. கடைசியில இப்படி நிக்காது. வழுக்கிக்கிட்டுப் போகும்."

ஆம், வழுக்கிக்கொண்டு போகும். அந்த வழுக்கல் ஆர்மோனியத்தில் வராது. இரண்டு கட்டைகளுக்கு நடுவில் எங்கேயோ இருந்தது அது. நாலு குரலும் ஒன்றாக நிற்க வேண்டுமே என்று ஜெரினாதான் அதைப் பக்கத்துக் கட்டைக்கு நகர்த்தி வைத்தாள். மறுபடியும் பாடினாள். மறுபடியும் நகர்த்தி வைத்ததே வந்தது. கண்ணை மூடிக்கொண்டு அந்த மழையை, அந்தக் கூட்டத்தை, தன் கழுத்தைச் சுற்றியிருந்த கையை நினைத்துப் பார்த்துப் பாடினாள். ஆல்ட்டோவின் முனகலும் ஆண்களின் ஒற்றை ஸ்வரமும் வந்தன. பவுலினின் குரல் வரவில்லை. இரண்டு மாதமாகத் திருத்திய பாட்டு, திருத்தாத பாட்டை முழுசாகத் தின்றுவிட்டிருந்தது.

"மாத்துனதுதான்க்கா வருது," என்றாள்.

"உங்களுக்கும் இல்லாமப் போச்சா?" என்று கேட்டாள் பவுலின். பிறகு தூக்குவாளியை எடுத்து வந்து கையில் கொடுத்தாள். "போயிட்டு வாங்க டீச்சர். இன்னைக்கு உங்களுக்கு வேலை கெடக்கும்."

"இன்னைக்கு அதைப் பாட மாட்டேன்க்கா."

"பாடுங்கன்னும் சொல்லல, வேணாம்னும் சொல்லல," என்று சொல்லிவிட்டு உள்ளே திரும்பிக்கொண்டாள்.

தாலாட்டு இல்லை, பழைய பாட்டையே பாடப்போகிறோம் என்று ஜெரினா சொன்னபோது குழு கொதித்துப்போயிற்று. "ஒரு மாசமா தொண்டை கிழியப் பாடுனது எதுக்கு? சாமிகிட்டச் சொல்றேன்," என்று மரிய ஆனந்த் குதித்துக்கொண்டு போனான். போன வேகத்தில் திரும்பி வந்தான். "பழைய பாட்டும் பாட்டுதானேங்கறாரு. ஏன் எதுக்குன்னுகூடக் கேக்கல. என்ன மனுசரோ!"

அன்றைய பூசையில் இடையர்கள் நடவு மெட்டில் வந்தார்கள், வானதூதர்கள் கும்மியடித்தார்கள், சனங்கள் சந்தோசத்தில் தாளம் போட்டார்கள். குழந்தையைக் கிடத்தியபோது மட்டும் வழக்கமான பாட்டில் வழக்கமான பனி பெய்தது. ஜெரினா வாசித்துக்கொண்டே கதவைப் பார்த்தாள். பவுலின் வரவில்லை. இன்று ராத்திரி அவள் எதை நினைத்துத் தூங்குவாள்?

விடிந்ததும் காலைப் பூசை. திருவிழா அன்று காலைப் பூசைக்கு வருகிறவர்கள் வயதானவர்களும் கைக்குழந்தைக்காரிகளும்தான். பாடகர் குழுவில் வந்தது நாலே பேர். மரிய ஆனந்த் கண் சிவந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருந்தான். வெளியே வேப்பமரத்துப் பனி சொட்டிக்கொண்டிருந்தது. குடிலின் பஞ்சில் ஒரு பூனை படுத்துத் தூங்கியது.

ஆர்மோனியத்தைத் திறந்தபோது தனக்கு நேர் பின்னாலிருந்த பெஞ்சில் யாரோ வந்து உட்காரும் சத்தம் கேட்டது.

"ஆல்ட்டோவுக்கு ஆளில்லாமத்தான் கெடக்கு போல," என்றது பவுலினின் குரல். "பாட மாட்டேன். சும்மா உக்காந்திருக்கேன்."

ஜெரினா திரும்பவில்லை. திரும்பினால் என்ன முகத்தைக் காட்டுவது என்று தெரியவில்லை. பூசை நடந்தது. நன்மை அப்பம் வாங்கியபின் பழைய பாட்டை எடுத்தார்கள். முதல் அடி தாண்டுவதற்குள் அவள் முதுகில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கனமான, காய்ப்புப் பிடித்த கை. அது மெல்லத் தட்டியது. நின்றது. மறுபடியும் தட்டியது.

தட்டிக்கொடுக்கிறாளா, தாளம் போடுகிறாளா, இல்லை எப்படி இருந்தது பார் என்று திருப்பிக் காட்டுகிறாளா? ஜெரினா அதைக் கேட்கவில்லை. பின்னாலும் ஒருநாளும் கேட்கவில்லை. மன்னிப்பு என்று எடுத்துக்கொள்ள அவளுக்குத் துணிவு வரவில்லை.

அவளுடைய வலது கை இரண்டு கட்டைகளுக்கு நடுவில் தடுமாறி நின்றது. ஊதா நிறச் சேலை ஞாபகம் வந்தது. அந்தச் சேலையில் அனிதா ஒத்திகைக் கட்டட வாசலில் நின்று, "எங்கக்காவை எத்தனை நேரம்தான் பாட வைப்பீக, சோறு ஆறுது டீச்சர்," என்று கத்தியது ஞாபகம் வந்தது. ஐப்பசியில் வராத அழுகை அப்போது வந்தது. துருத்தியை விடாமல் இடது கை அசைத்துக்கொண்டே இருக்க, கட்டைகளின் மேல் கண்ணீர் சொட்டியது.

மரிய ஆனந்த் ஒருமுறை எட்டிப் பார்த்தான். ஒன்றும் புரியவில்லை அவனுக்கு. ஆனால் பெட்டிச் சத்தம் நின்றது யாருக்கும் தெரியக்கூடாது என்று, வாயை முடிந்தமட்டும் அகலத் திறந்து, கொட்டாவியும் பாட்டுமாக அந்த அடியைத் தானே தனியாகப் பாடி முடித்தான்.